வக்கீல் ஏன் வெளியூரிலிருந்து வந்தார்?

போன மாதம் புவனகிரியில் ஒரு வாசிப்பு வட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள், இரண்டு பேர் சட்டம் படிப்பவர்கள். பேச்சு நம் மாவட்டத்தின் வழக்குகள் பற்றிப் போனபோது சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "ராஜாக்கண்ணு வழக்குக்கு வக்கீல் சென்னையிலேருந்து. முருகேசன் – கண்ணகி வழக்குக்கு வக்கீல் மதுரையிலேருந்து. நம்ம ஊர்ல வக்கீலே இல்லியா தோழர்?"

சிரித்துவிட்டோம். ஏனென்றால் நாங்கள் உட்கார்ந்திருந்த கடைத்தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வழக்கறிஞர் பலகை தெரியும். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒன்று, உரக்கடைக்குப் பக்கத்தில் ஒன்று. சிவில், கிரிமினல், குடும்ப வழக்கு, விபத்து இழப்பீடு, பத்திரம், வாரிசுச் சான்று என்று எல்லாம் பார்ப்பவர்கள். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி சிதம்பரம் போனால் நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி இன்னும் நிறைய. வக்கீலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தத் தம்பி கேட்டது எண்ணிக்கையைப் பற்றி அல்ல. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த இரண்டு வழக்குகள். சிதம்பரத்திலிருந்து புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக விருத்தாசலம் போகும் சாலையை நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வழக்குகளும் அந்தச் சாலை போய்ச் சேரும் பகுதியில்தான் நடந்தன.

1993 மார்ச்சில் கம்மாபுரம் காவல் நிலையத்தார் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கில் பிடித்துப் போனார்கள். குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி. 'ஜெய் பீம்' படத்தில் இருளர் என்று காட்டப்பட்டதால் பலர் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் கூட்டங்களில் பேசும்போதாவது சரியாகச் சொல்ல வேண்டும். நிலையத்தில் அவரை அடித்ததை மனைவி பார்வதி கண்ணால் பார்த்தார். பிறகு காவல்துறை "தப்பி ஓடிவிட்டான்" என்று சொன்னது. அடையாளம் தெரியாத பிணமாக அவர் உடல் மாவட்ட எல்லைக்கு அப்பால், மீன்சுருட்டிப் பக்கம் கிடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பார்வதிக்கு உள்ளூரில் துணைநின்றவர்கள் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள். அவர்கள் மூலமாகத்தான் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்த சந்துருவிடம் போய்ச் சேர்ந்தார். ஆட்கொணர்வு மனு, சாட்சிகளைத் தேடி அலைந்தது, இழப்பீடு, பல ஆண்டுகளுக்குப் பிறகு காவலர்களுக்குத் தண்டனை என்ற கதையை நீங்கள் திரையில் பார்த்துவிட்டீர்கள்.

இரண்டாவது வழக்கு 2003. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்த தலித் இளைஞர். கண்ணகி அதே ஊர், வன்னியர், அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8 அன்று ஊரார் முன்னிலையில் இருவர் வாயிலும் காதிலும் மூக்கிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று தனித்தனியாக எரித்தார்கள். முருகேசனின் குடும்பம் காவல் நிலையத்துக்குப் போனது. புகார் வாங்கப்படவில்லை. பத்திரிகையில் செய்தி வந்த பிறகு ஜூலை 17 அன்றுதான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அந்த அறிக்கையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு தரப்பும் சேர்ந்து செய்த கொலை என்பதாகக் கதை கட்டி, கொலையுண்ட முருகேசனின் சொந்தக் குடும்பத்தாரையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், பிள்ளையைக் கொன்ற குற்றவாளி ஆனார்.

இந்த வழக்கைச் சுமந்தவர் மதுரை வழக்கறிஞர் பொ. இரத்தினம். மேலவளவு படுகொலை வழக்கில் நாம் அறிந்த அதே இரத்தினம். 2004-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் விசாரணை சிபிஐக்குப் போனது. 81 சாட்சிகளில் 36 பேர் பிறழ்ந்தார்கள். 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்குத் தண்டனையும் தகப்பன் உள்ளிட்ட 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. அந்த 12 பேரில் இரண்டு காவல் அதிகாரிகளும் உண்டு. 2022-இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மற்றவர்களின் மேல்முறையீடுகளைத் தள்ளியது. கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவில் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள். கடலூர்த் தீர்ப்பு வந்த ஐந்தாறு வாரத்தில் 'ஜெய் பீம்' வெளியானது. படத்துக்குக் கிடைத்த பேச்சில் நூற்றில் ஒரு பங்கு கூட அந்தத் தீர்ப்புக்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

உள்ளூரில் யாருமே உதவவில்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். இரண்டு வழக்கிலும் உள்ளூர் மனிதர்கள் ஓடினார்கள், சோறு போட்டார்கள், மிரட்டலுக்கு ஆளானார்கள். ஆனால் வழக்கைத் தன் பெயரில், தன் தலையில் சுமந்த வக்கீல் இரண்டு முறையும் வெளியூர்க்காரர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இதற்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

1816-ஆம் ஆண்டுக்குப் போவோம். சென்னை மாகாணத்தில் கும்பினி அரசு அந்த ஓராண்டில் வரிசையாகச் சில ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. அவற்றில் ஆறாவது, ஜில்லா முன்சீப் நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தியது. நில வழக்கு, கடன் வழக்கு, பாகப்பிரிவினை எல்லாவற்றையும் சின்ன ஊரிலேயே கேட்க ஒரு நீதிமன்றம். அங்கே வாதாட வக்கீல். இன்று நாம் காணும் சிறுநகர வக்கீல் தொழிலுக்கு விதை விழுந்தது அந்தக் காலத்தில்தான்.

அதே ஆண்டின் பதினோராவது ஒழுங்குவிதி வேறு ஒன்றைச் செய்தது. வசைச்சொல், சிறு அடிதடி போன்ற சில்லறைக் குற்றங்களைக் கிராமத் தலைவரே விசாரித்துத் தண்டிக்கலாம் என்றது. தண்டனை என்ன? மற்றவர்களுக்குச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைப்பு. குற்றம் செய்தவர் 'தாழ்ந்த சாதி'யாக இருந்தால், அப்படிப்பட்ட இழிவான தண்டனை அவருக்குத் தகாது என்று சொல்ல முடியாத பட்சத்தில், தொழுவில் மாட்டி ஆறு மணி நேரம் வரை வைக்கலாம். தொழு என்றால் காலை ஓட்டையில் நுழைத்துப் பூட்டும் மரக்கட்டை. ஊர் நடுவில், எல்லோரும் பார்க்க. விசாரிப்பவர் ஊர்த்தலைவர், தண்டிப்பவரும் அவரே. அங்கே வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது, எழுத்து கிடையாது. இந்தப் பிரிவு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சட்டப் புத்தகத்தில் இருந்தது.

ஊருக்கு முன்சீப் கோர்ட்டும் சேரிக்குத் தொழுக்கட்டையும் ஒரே ஆண்டில் ஒரே அரசு எழுதிக் கொடுத்தது. சட்டம் படிக்கும் தோழர்கள் சட்ட வரலாறு என்ற பாடத்தில் முதல் விதியைப் படித்திருப்பீர்கள். இரண்டாவதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

முன்சீப் கோர்ட்டைச் சுற்றி வளர்ந்த வக்கீல் தொழில் நிலத்தைத் தின்று வளர்ந்தது. இதை நான் பழியாகச் சொல்லவில்லை. அதன் பிழைப்பே அது. தென்னார்க்காடு ரயத்துவாரி மாவட்டம். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் வழக்கு இருக்கும், வழக்கு இருப்பவரிடம்தான் ஃபீஸ் இருக்கும். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, அண்ணன் தம்பி பாகம், புரோநோட்டுக் கடன், கோயில் அறங்காவலர் சண்டை. வெள்ளாற்றுப் பாசனத்திலும் வீராணத்துப் பாசனத்திலும் நெல் விளைந்த அளவுக்கு வழக்கும் விளைந்தது. சிதம்பரம் நடராசர் கோயில் தீட்சிதர்களைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கோயில் யாருடையது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 1951-இல் மறுபடியும் உயர் நீதிமன்றம். 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம். தலைமுறை தலைமுறையாக வக்கீல் வைத்து வழக்காடத் தெரிந்த சமூகம். அதே ஊரில் ஓமக்குளத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கும்போது நம் பிள்ளைகளுக்கு அவர் முதலில் கொடுக்க வேண்டியிருந்தது எழுத்து. மனு எழுதவே கை வேண்டுமல்லவா?

அந்தக் கோர்ட்டில் நம் ஆட்கள் நின்றது எங்கே? குற்றவாளிக் கூண்டில், அல்லது பண்ணையாருக்குச் சாட்சியாக. கட்சிக்காரர் என்ற இடத்தில் நிற்க சொத்து வேண்டும். பண்ணையாளுக்கு அவன் உடம்பே சொந்தமில்லை. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் இனி ஏற்காது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் 'இவன் என் அடிமை' என்று ஆண்டை கோர்ட்டுக்கு வந்தால் கோர்ட் கேட்காது, அவ்வளவே. அடிமையைக் கோர்ட்டுக்கு அழைத்துவர அதில் எந்த வழியும் இல்லை. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று ஆக இந்திய தண்டனைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் அடிமைப் பத்திரம் கடன் பத்திரமாக உருமாறியது. அந்தக் கடன் பத்திரத்தை எழுதிக் கொடுத்ததும் ஒரு வக்கீல் குமாஸ்தாவாகத்தான் இருந்திருக்கும்.

சின்ன ஊர் கோர்ட் நமக்கு எதிராக எப்படிப் பயன்பட்டது என்பதற்கு மிகத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை, மகாராட்டிரத்தில் இருக்கிறது. மகாத் குளத்துப் போராட்டம் எல்லோருக்கும் தெரியும். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். பெரும்பாலான நம் பேச்சாளர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். டிசம்பரில் இரண்டாவது மாநாட்டுக்கு நாள் குறித்ததும், சாதி இந்துக்கள் கம்பை எடுக்கவில்லை. மகாத்தில் இருந்த சின்ன சிவில் கோர்ட்டுக்குப் போனார்கள். டிசம்பர் 12 அன்று, குளம் எங்கள் தனிச்சொத்து என்று அம்பேத்கரையும் தோழர்களையும் பிரதிவாதிகளாக்கி வழக்கு. இரண்டே நாளில் இடைக்காலத் தடை. பத்தாயிரம் பேர் திரண்ட மாநாட்டில் அம்பேத்கர் அந்தத் தடைக்குக் கட்டுப்பட்டுக் குளத்துக்குப் போவதைத் தள்ளிவைத்தார். பிறகு வழக்கை நடத்தினார். 1931-இல் மகாத் கோர்ட்டில் வென்றார். 1933-இல் தானே கோர்ட்டில் எதிர்த்தரப்பின் மேல்முறையீடு தள்ளுபடி. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இறுதி வெற்றி. குளத்தில் கை வைத்த நாளிலிருந்து பத்து ஆண்டு.

எல்லா ஊரிலும் பிரதிவாதி ஒரு பாரிஸ்டராக இருக்க மாட்டார். நம் பக்கத்தில் சுடுகாட்டுப் பாதைக்கும் தேர் வரும் தெருவுக்கும் எத்தனை உறுத்துக் கட்டளைகள் வாங்கப்பட்டிருக்கின்றன என்று எந்தக் கிராமத்துப் பெரியவரையாவது கேட்டுப் பாருங்கள். 'கோர்ட்டு ஸ்டே போட்டுடுச்சுப்பா' என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை போராட்டங்கள் அடங்கிப்போயின! பிரதிவாதி தரப்பில் வக்காலத்து போட ஆள் இல்லாமல், எக்ஸ்பார்ட்டி ஆகிப் போன வழக்குகள் எத்தனை!

நம் சமூகத்திலிருந்து வக்கீல்கள் வராமல் இல்லை. என். சிவராஜ் சட்டம் படித்து, சட்டக் கல்லூரியில் கற்பித்து, 1945-இல் சென்னை மேயராகவும் ஆனார். ஆனால் அவர் களம் சென்னை. முதல் தலைமுறையில் படித்து வந்தவர் பெரிய நகரத்துக்குப் போவது இயல்பு. அங்கே சாதி கொஞ்சம் மங்கலாகத் தெரியும், வாடகைக்கு அறை கிடைக்கும். சின்ன ஊரில் சீனியர் வேண்டும், சீனியரின் சாதிக்காரக் கட்சிக்காரர்கள் வேண்டும்.

இந்த இடத்தில் நம் மண்ணின் ஒருவரை நினைவுகூர வேண்டும். காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். 1965-இல் இந்திய அரசு தீண்டாமை பற்றியும் பட்டியல் சாதியாரின் பொருளாதார, கல்வி மேம்பாடு பற்றியும் ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் அவர். நாடு முழுக்கச் சுற்றி 1969-இல் அறிக்கை கொடுத்தார்கள். 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைச் சட்டம் ஏன் செல்லாக்காசாகக் கிடக்கிறது என்பதை அந்த அறிக்கை அடுக்கடுக்காகக் காட்டியது. அதைத் தொடர்ந்து 1976-இல் அச்சட்டம் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. தண்டனை கூடியதையும் சமரசம் செய்துகொள்ள முடியாதபடி குற்றங்கள் மாற்றப்பட்டதையும் எல்லோரும் எழுதுகிறார்கள். புதிதாக நுழைக்கப்பட்ட 15ஏ பிரிவை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. தீண்டாமைக்கு ஆளானவருக்குச் சட்ட உதவி உள்ளிட்ட வசதிகளைச் செய்து கொடுப்பது அரசின் வேலை என்று அதில் இருக்கிறது. அரசியலமைப்பில் இலவச சட்ட உதவி பற்றிய 39ஏ உறுப்பைச் சேர்த்த 42-ஆவது திருத்தமும் அதே 1976-தான். இளையபெருமாள் வக்கீல் அல்ல. கூலிக்காரனுக்கு வக்கீல் கிடைக்காவிட்டால் சட்டம் வெறும் காகிதம் என்பது காட்டுமன்னார்கோயில்காரருக்குத் தெரியாதா என்ன?

காகிதத்தில் வந்துவிட்டது. கடைத்தெருவுக்கு வந்ததா?

பல ஆண்டுகளுக்கு முன், நான் மாணவனாக இருந்தபோது, திருவிழாவில் மகன் அடிபட்ட ஓர் அக்காவை அழைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போனேன். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். மரியாதையாக உட்கார வைத்தார், அந்த அக்காவுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். முழுதும் கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அடிச்சவங்க அப்பாவுக்கு நான்தான் பத்து வருஷமா வக்கீல். அவங்க ஊர்க்காரங்க ஒரு இருபது கேஸ் என்கிட்ட இருக்கு. இதுல நான் வக்காலத்து போட்டா நாளைக்குக் கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றார். அத்தோடு விட்டிருந்தால் நான் அவரைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் கதவைச் சாத்திவிட்டு, புகாரை எப்படி எழுத வேண்டும் என்று வரிவரியாகச் சொன்னார். என்ன சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள், யார் யார் இருந்தார்கள், எந்த நேரம், காயத்துக்கு எந்த மருத்துவமனையில் சீட்டு வாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்டு, நான் எழுத எழுதத் திருத்தினார். "இங்க டைப் அடிக்காதீங்க. சிதம்பரத்துல அடிங்க. என் பேரு வரக்கூடாது" என்றார். பணம் வாங்கவில்லை.

அந்த மனிதரை நான் இன்றுவரை எப்படி மதிப்பிடுவது என்று தெரியாமல்தான் இருக்கிறேன். கெட்டவர் அல்ல. அவர் எழுதிக் கொடுத்த புகார் நல்ல புகார். ஆனால் அடுத்த நாள் காவல் நிலையத்தில் அந்தப் புகாரோடு நாங்கள் தனியாகத்தான் நின்றோம். கருப்புக் கோட்டு ஒன்று பக்கத்தில் நின்றிருந்தால் அந்த உதவி ஆய்வாளர் பேசிய விதமே வேறாக இருந்திருக்கும்.

பார் கவுன்சிலின் விதி, தக்க ஃபீஸ் கொடுத்தால் வழக்கறிஞர் தான் வாதாடும் நீதிமன்றத்தில் வழக்கை ஏற்கக் கடமைப்பட்டவர் என்கிறது. தனிச்சூழ்நிலை இருந்தால் மறுக்கலாம். நம் ஊர்களில் அந்தத் தனிச்சூழ்நிலைக்குப் பெயர் சாதி. பத்து ஆண்டு கட்சிக்காரரை எதிர்த்து வழக்காடுவது தொழில் ஒழுக்கத்துக்கே பொருந்தாது என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு சிறுநகரத்தின் நல்ல வக்கீல்கள் எல்லோருமே ஒரே தரப்புக்கு ஏற்கெனவே வக்கீலாக இருந்தால்? 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியார். தமிழ்நாட்டின் சராசரியைவிட நன்றாகவே கூடுதல். அந்த 29 பேரிடம் எத்தனை ஏக்கர் இருக்கிறது, எத்தனை கடை இருக்கிறது என்று பார்த்தால், வக்கீலின் வருமானத்தில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பது புரிந்துவிடும். இன்று நம் பிள்ளைகள் பலர் கோட்டு போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் வருவது ஜாமீன் மனுவும் பைக் விபத்தும். கொஞ்சம் பசையுள்ள சிவில் வழக்கு வராது. அறை வாடகைக்கே அல்லாடுகிறவர், ஒரு வன்கொடுமை வழக்கை ஏழெட்டு ஆண்டு சும்மா நடத்துவது எப்படி?

இப்போது மறுபடியும் 2003 ஜூலைக்குப் போகலாம். ஜூலை 8-க்கும் 17-க்கும் நடுவில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் முருகேசன் குடும்பத்தோடு விருத்தாசலத்திலேயே ஒரு வக்கீல் நின்றிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? நிலையத்தில் புகாரை வாங்காவிட்டால் அன்றே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் முன் மனு போடலாம். எரித்த இடத்தைப் பாதுகாக்கச் சொல்லிக் கேட்கலாம். 'இரு தரப்பும் கொலையாளி' என்ற கதை எழுதப்படும்போதே அதை மறுத்து எழுத்தில் ஓர் ஆவணத்தை உண்டாக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய சட்ட மேதை தேவையில்லை. பட்டா மாறுதலுக்கும் ஜாமீனுக்கும் அலையும் சாதாரண வக்கீல் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அன்றைக்கே இருக்க வேண்டும். இரத்தினம் மதுரையிலிருந்து வந்து, முதல் சில நாளில் எழுதப்பட்ட பொய்யைத் திருத்துவதற்கே ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. வெளியூர் வக்கீலின் பெருமையை நான் குறைக்கவில்லை. அவர் ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டார் என்பதைச் சொல்கிறேன்.

2003-இல் இல்லாத சில ஆயுதங்கள் இன்று சட்டத்தில் இருக்கின்றன. 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்றது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைச் சட்டத் திருத்தம், 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. (இதுவும் 15ஏ, அதுவும் 15ஏ, குழப்பிக்கொள்ளாதீர்கள், சட்டம் வேறு.) இதன்படி, ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில், அறிவிப்புக் கொடுக்காமல் தந்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவிப்பு வந்துவிட்டது என்று வையுங்கள். வியாழக்கிழமை அறிவிப்பு, வெள்ளிக்கிழமை கடலூரில் விசாரணை. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ யார் வருவார்? அன்று காலை புவனகிரியில் பஸ் ஏறிக் கடலூருக்குப் போய், "இவர் வெளியே வந்தால் சாட்சிகள் பிறழ்வார்கள்" என்று எழுந்து சொல்ல ஒருவர் வேண்டும். 81-இல் 36 பேர் பிறழ்ந்த மாவட்டம் இது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதே இல்லை. 1995-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 4(5) என்று ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கை நடத்த ஒரு மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் நியமிக்கலாம். ஃபீஸ் அரசு கொடுக்கும். கேட்க வேண்டும், எழுதிக் கேட்க வேண்டும். நம் ஆட்கள் அரசு வழக்கறிஞர் யாரென்றே தெரியாமல் தீர்ப்பு வரை போகிறார்கள். சாட்சிக்குப் பயணப்படி, அன்றைய கூலிக்கு ஈடு ஆகியவற்றுக்கு 11-ஆவது விதி இருக்கிறது. கூலி போய்விடும் என்பதற்காகவே சாட்சி சொல்ல வராமல் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

வன்கொடுமை வழக்கு மட்டுமே வழக்கு என்று நினைப்பது நம் இயக்கங்களின் ஒரு பெரிய குறை என்று தோன்றுகிறது. தலை உருண்டால்தான் நாம் வக்கீலைத் தேடுகிறோம். அதற்கு முன்னால் பத்து ஆண்டு நடந்த பாதைத் தகராறில் நமக்கு வக்கீல் இல்லை. 1892-க்குப் பிறகு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை, முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையை மீறிக் கிரயம் செய்தபோது, அந்தப் பத்திரத்தை எழுதிய மேசையில் நம் வக்கீல் இல்லை. மனைப்பட்டாவில் அளவு குறைந்தபோது இல்லை. கணவன் விட்டுப்போன பெண் ஜீவனாம்சம் கேட்டபோது இல்லை. ஒரு பொது வக்கீல் செய்கிற சாதாரண வேலைகள் இவை. பட்டாவுக்கும் ஜீவனாம்சத்துக்கும் ஒருவரிடம் பத்து முறை போய் வந்தவர், அடி விழுந்த நாளில் அவரிடமே தயங்காமல் போவார். எதிர்த்தரப்பு அப்படித்தான் போகிறது. என்னிடம் மோர் கொடுத்துப் பேசிய அந்த வழக்கறிஞரிடம் பத்து ஆண்டாகப் போய்க்கொண்டிருந்தது போல.

சட்டம் படிக்கும் அந்தத் தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஃபீஸுக்கு என்ன வழி தோழர்?" என்றார். நேர்மையான கேள்வி. ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது, அரைகுறையாக. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ஆவது பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த எவருக்கும் இலவச வக்கீல் உண்டு என்கிறது. வருமான வரம்பு இல்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் அதே. குற்ற வழக்குக்கு மட்டுமல்ல, சிவில் வழக்குக்கும் பட்டா தொடர்பான வழக்குக்கும் உண்டு. நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு எல்லாம் அதில் சேரும். பட்டியலில் உள்ள வக்கீலுக்கு அரசு தருகிற தொகை சிறியது, தாமதமாக வரும், சிலர் அக்கறையில்லாமல் நடத்துகிறார்கள் என்ற புகார்கள் எனக்கும் தெரியும். ஆனால் நம் இளம் வழக்கறிஞர்கள் அந்தப் பட்டியலில் பெயர் கொடுத்து, நம் கிராமத்து வழக்குகள் அந்த வழியாகவே அவர்களிடம் வரும்படி நாம் பார்த்துக்கொண்டால், அறை வாடகையில் ஒரு பகுதியாவது தேறும்.

சிதம்பரம் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும்; எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். சாதிச் சான்றிதழ் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். கொடுத்த மனுவுக்குத் தேதியோடு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். அலைய முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். அடுத்த வாசிப்பு வட்டத்தில் அந்த மனுவை எழுதிப் பழகுவது என்று முடிவு செய்திருக்கிறோம். உங்கள் ஊர்ப் பாதை வழக்கு, மனை வழக்கு எதுவாக இருந்தாலும் காகிதங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள்.